அம்மை இறங்கிய பிறகுதான் கவனம் வேண்டும்

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மூத்தவனுக்கு நாலு வயசு. அஞ்சு நாளா காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண்ணெல்லாம் சிவப்பு. நேத்துக் காலைல காதுக்குப் பின்னால செவசெவன்னு தடிச்சுது, இன்னைக்கு முகம், நெஞ்சு எல்லாம் பரவிருச்சு. அத்தை பார்த்துட்டு மணல்வாரின்னு சொல்லி வேப்பிலை கட்டிட்டாங்க. தண்ணி ஊத்துற வரைக்கும் மருந்து, ஆஸ்பத்திரி எதுவும் கூடாதாம். ஒன்பதாம் மாச ஊசி போட்டிருக்கு, ஒன்றரை வயசு ஊசி விட்டுப் போச்சு. எட்டு மாசக் கைக்குழந்தையும் வீட்டுல இருக்கு, பால் குடிக்குது. என்ன செய்யட்டும்?"

முப்பது வருஷமாகக் குழந்தைகளைப் பார்த்துவருகிற ஒருவரின் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருப்பது சின்னவளுக்கு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தட்டம்மை வந்த குழந்தை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோயைப் பரப்பும். உங்கள் வீட்டுக் கணக்கில், ஐந்து நாட்களாக அந்தக் கிருமி இருக்கிற காற்றைத்தான் கைக்குழந்தையும் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. கிருமி பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பல குழந்தைகளுக்கு நோய் வராமல் தடுக்கலாம். அந்தக் கெடு உங்களுக்கு முடிந்துவிட்டது. அடுத்த வழி, ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் பொருளையே ஊசியாகப் போடுவது. இம்யூனோகுளோபுலின் என்பார்கள். அதற்குக் கெடு ஆறு நாள். ஆகவே இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய், "வீட்டில் தட்டம்மை, எட்டு மாதக் குழந்தை, இன்னும் ஊசி போடவில்லை" என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். போடலாமா வேண்டாமா என்பதை அங்குள்ள டாக்டர் முடிவு செய்வார். போட்டால், அதன் பிறகு ஆறு மாதம் கழித்துத்தான் தட்டம்மைத் தடுப்பூசி வேலை செய்யும் என்பதையும் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த நான்கு வாரம் அவள்மேல் கண் இருக்கட்டும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

"தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அம்மை வராது" என்று உங்கள் அத்தை சொல்லக்கூடும். அவர் காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது. சிறுவயதில் அம்மை வந்து தேறிய பெண்கள், கர்ப்பத்திலேயே தங்கள் எதிர்ப்புச் சக்தியைக் குழந்தைக்கு நிறையக் கொடுத்தார்கள். அது எட்டு ஒன்பது மாதம் வரை தாங்கியது. உங்கள் தலைமுறை ஊசி போட்டு வளர்ந்தது. அம்மா கொடுக்கிற கையிருப்பு அளவில் கொஞ்சம் குறைவு, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அதனால்தான் 2022 இறுதியில் மும்பையில், குறிப்பாக கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளிடையேயும் நோய் அதிகமாக இருந்த இடங்களில் ஆறு மாதத்திலேயே ஒரு கூடுதல் ஊசி போடச் சொன்னார்கள். அந்த ஊசி கணக்கில் சேராது. ஒன்பதாம் மாத ஊசியை மறுபடி போட வேண்டும்.

இனி மூத்தவன்.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். அரசு அட்டையில் தட்டம்மை. மதுரைப் பக்கம் மணல்வாரி. மணலை வாரி இறைத்ததுபோல உடம்பெல்லாம் பொரிப்பொரியாக இருப்பதால் வந்த பெயர், எந்த மருத்துவப் புத்தகமும் இதைவிடத் துல்லியமாக வர்ணித்ததில்லை. இலங்கையில் சின்னமுத்து. நீர் கோத்த கொப்புளமாக, அரிப்போடு வருவது வேறு நோய்: இங்கே சின்னம்மை, அங்கே கொப்பளிப்பான். சில ஊர்களில் எல்லாவற்றுக்கும் "அம்மை" என்ற ஒரே சொல்தான். எனவே போனில் யாராவது "அம்மை போட்டிருக்கு டாக்டர்" என்றால் நான் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி கோத்திருக்கா, இல்ல தடிப்பு மட்டுமா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "தடிப்புக்கு முன்னால இருமலும் கண் சிவப்பும் இருந்துச்சா?" இரண்டாவதற்கு "ஆமாம்" என்றால் எனக்குக் கவலை வந்துவிடும்.

வாய்க்குள் ஓர் அடையாளம் உண்டு. தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்னால், குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை மெல்ல விலக்கி டார்ச் அடித்தால், கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே உள்கன்னம் சிவந்து, அதன்மேல் ரவை சிதறியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். துடைத்தால் போகாது, பால் கட்டியானால் துடைக்கப் போய்விடும். 1896-இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹென்றி கோப்ளிக் இதை விவரித்ததால் கோப்ளிக் புள்ளி என்கிறோம். தடிப்பு வந்த ஓரிரு நாளில் இது மறைந்துவிடும். உங்கள் மகனுக்கு இன்றைக்குத் தேடினால் ஒருவேளை கடைசிப் புள்ளிகள் கிடைக்கலாம். தடிப்பு இறங்குகிற வரிசையையும் கவனியுங்கள்: காதுக்குப் பின்னால், நெற்றி, முகம், கழுத்து, நெஞ்சு, கை, கடைசியாகக் கால். மூன்று நாளில் பாதம் வரும். மறைவதும் அதே வரிசையில்தான். முகம் முதலில் கறுத்து, தவிடுபோல உதிரும்.

பரவுகிற வேகத்தில் இதற்கு இணையாகச் சொல்ல வேறு நோய் அதிகம் இல்லை. எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஊரில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். ஒரே அறையில் இருக்கிற, ஊசி போடாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வரும். இருமிய குழந்தை எழுந்து போன பிறகும் மூடிய அறைக் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம்வரை நிற்கும். 1846-இல் டென்மார்க்கின் கீழ் இருந்த ஃபேரோ தீவுகளில் தட்டம்மை இறங்கியபோது, அந்த நாட்டு அரசு 25 வயதே ஆன பீட்டர் பானும் என்ற மருத்துவரை அனுப்பியது. தீவில் சுமார் 7,800 பேர். அதில் ஏறக்குறைய 6,000 பேர் அந்த ஆறேழு மாதத்தில் படுத்துவிட்டார்கள். பானும் கிராமம் கிராமமாகப் போய்த் தேதி குறித்தார். யார் எந்த நாளில் எந்தப் படகில் வந்தார்கள், எந்த நாளில் எந்த வீட்டில் தடிப்பு தெரிந்தது என்று கணக்குப் போட்டு, கிருமி பட்டதற்கும் தடிப்புக்கும் இடையே இரண்டு வாரம் என்று கண்டார். இன்னொன்றும் கண்டார். தீவில் முந்தைய கொள்ளை 1781-இல் நடந்தது. அப்போது வந்து தேறிய கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட 65 வருஷம் கழித்து மறுபடி வரவில்லை. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் வராது என்பது சரி. அதிலிருந்துதான் ஒரு தப்பான முடிவும் பிறக்கிறது. "எங்களுக்கெல்லாம் வந்துட்டுப் போனதுதானே, நாங்க நல்லா இல்லையா?" திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்வது பிழைத்தவர்கள். தடுப்பூசி பரவலாவதற்கு முன், 1980 வாக்கில், உலகம் முழுவதும் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் இந்த நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் திண்ணைக்கு வருவதில்லை. பத்துப் பெற்று ஆறு வளர்த்த பாட்டிகளிடம் அந்த நாலு எங்கே போயின என்று கேட்டுப் பாருங்கள். "மாந்தம்", "வயித்தால போச்சு", "அம்மை வந்து அப்புறம் தேறவே இல்லை" என்பார்கள். அந்த "அப்புறம் தேறவே இல்லை" என்கிற சொல்லில்தான் தட்டம்மையின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது.

இது தோல் நோய் இல்லை. மூச்சுக் குழாய் வழியாக உள்ளே போகிற வைரஸ், உடம்பைக் காவல் காக்கிற வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியேறுகிறது. திருடன் வேறெங்கும் ஒளியாமல் காவல் நிலையத்துக்குள் ஒளிகிற மாதிரி. நெறிக்கட்டிகளில் பெருகி, ரத்தத்தில் ஏறி, நுரையீரல், குடல், கண், தோல் என்று எல்லா இடத்துக்கும் போகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு உடம்பு விழித்துக்கொண்டு, கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கிறது. தோலில் நாம் பார்க்கிற தடிப்பு அந்தச் சண்டையின் புகை. எதிர்ப்புச் சக்தி அடிபட்ட குழந்தைக்கு, உதாரணமாக ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால், சில நேரம் தடிப்பே வராது. தடிப்பு இல்லாத அந்தத் தட்டம்மை இன்னும் ஆபத்து.

இதை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "மருந்து கொடுத்தா அம்மை உள்ள போயிரும்" என்பது நம் வீடுகளில் ஆழமாக வேரோடிய பயம். பாரசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் சற்றுத் தணியும், குழந்தை கொஞ்சம் கஞ்சி குடிக்கும், தூங்கும், அவ்வளவுதான். வெளியே வர வேண்டிய தடிப்பு வந்தே தீரும். அம்மை ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கூடாது. அதேபோல், காய்ச்சல் உடனே நிற்க வேண்டும் என்று எந்த டாக்டரையும் ஊசிக்கு வற்புறுத்தாதீர்கள். இந்த வைரஸைக் கொல்கிற மருந்து எதுவும் கையில் இல்லை. ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. காதில் சீழோ நெஞ்சில் சளியோ கட்டினால் அப்போது தேவைப்படும்.

உங்கள் அத்தையோடு சண்டை வேண்டாம். அவர் செய்வதில் பாதிக்குமேல் நான் கையெழுத்துப் போடுவேன். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள். பொதுச் சுகாதாரத்துறை நோட்டீஸ் ஒட்டிச் செய்கிற வேலையை ஒரு கொத்து இலை செய்கிறது. மெல்லிய பருத்தித் துணி, இளநீர், மோர், கூழ், ஓய்வு எல்லாமே நல்லது. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொள்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. உறவு ஜனத்தைக் கூப்பிட்டுத் தண்ணி ஊத்துவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தடிப்பு வந்த நாளிலிருந்து நான்கு நாள்வரை பையன் பரப்புவான். மூணாம் நாளே வீடு நிறையப் பிள்ளைகளைச் சேர்த்தால் ஊருக்கே வினியோகம் செய்தது மாதிரி. ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஊத்தட்டும். அவர் சம்பிரதாயத்திலும் அதற்கு இடம் உண்டு, ஒற்றைப்படை நாள்தானே கணக்கு. அதற்கு இடையில் இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்துத் தினம் உடம்பைத் துடைத்துவிடலாம். தீர்த்தம் வாங்கக் கோயிலுக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். யாராவது பெரியவர் போய் வாங்கி வரட்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நீங்கள் அசையக் கூடாது. ஒன்று சாப்பாடு. "எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, பருப்பு ஆகாது" என்று பத்து நாள் வெறும் கஞ்சித் தண்ணியில் வைத்தால், ஏற்கெனவே உருகுகிற உடம்பு இன்னும் உருகும். வீட்டில் மீன், கறி தாளிப்பது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பருப்பு மசித்த சாதம், நெய், வாழைப்பழம், பால், வேகவைத்த முட்டை இவற்றில் எது இறங்குகிறதோ அது, சிறுகச் சிறுக, ஆறேழு தடவை. நோய் தேறிய பின் இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

இன்னொன்று கண். நான் பயிற்சியில் இருந்தபோது மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிவந்தார்கள். அம்மை இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கண்ணைத் திறக்க மாட்டாள், வெளிச்சம் பட்டால் அலறுவாள். கண் எரிச்சலுக்கு யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாற்றைப் பிழிந்து மூன்று நாளாக ஊற்றியிருந்தார்கள். இமையை விலக்கிப் பார்த்தால், கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் தயிர் ஆடைபோல வெள்ளை. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எரிச்சலுக்கு ஊற்றியவர் அந்தக் குழந்தையின் சொந்தப் பாட்டி. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலை, பன்னீர், எதுவுமே கண்ணில் வேண்டாம். கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு.

கண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது வைட்டமின் ஏ. தட்டம்மை உடம்பில் உள்ள வைட்டமின் ஏ சேமிப்பைக் காலிசெய்துவிடும். அது குறைந்தால் கருவிழி வறண்டு, கரைந்து, பார்வை போகும். நுரையீரலும் குடலும் பலவீனப்படும். அதனால் தட்டம்மை என்று தெரிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு ஒரு தடவை, வாயில் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆறு மாதத்துக்குள் 50,000 யூனிட், ஆறு முதல் பதினோரு மாதம்வரை 1 லட்சம், ஒரு வயதுக்குமேல் 2 லட்சம். கண்ணில் ஏற்கெனவே கோளாறு தெரிந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது தடவையும். உங்கள் மகனுக்கு இது கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே இருக்கும். அங்கேயே கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கி நாள்கணக்கில் ஊற்ற வேண்டாம். 2025-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தட்டம்மை பரவியபோது, ஊசிக்குப் பதிலாக வைட்டமின் ஏ போதும் என்று யாரோ சொன்னதை நம்பி அளவுமீறிக் கொடுத்து, ஈரல் பாதிப்பின் அறிகுறிகளோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இது வந்த நோயைத் தாங்க உதவும். வராமல் தடுக்காது.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது தோலைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். பையன் தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரம் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிஷத்துக்கு 40-க்கு மேல் போனாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் உள்ள சின்னவளுக்கு 50-ஐத் தாண்டினாலும், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். தட்டம்மையில் இறக்கிற குழந்தைகளில் அதிகம் பேரைக் கொண்டுபோவது நிமோனியா. இருபதில் ஒரு குழந்தைக்கு அது வரும். வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண்ணில் வெள்ளை, இவையும் அப்படியே. இன்னொன்றைப் பலர் கோட்டைவிடுகிறார்கள்: தடிப்பு வந்து நான்கைந்து நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, இறங்கி ஒருநாள் விட்டு மறுபடி ஏறினாலோ, அது அம்மைக் காய்ச்சல் இல்லை. காது, நெஞ்சு, எங்கேயோ வேறொன்று பிடித்துக்கொண்டது.

"அம்மை இறங்கிருச்சு" என்று வேப்பிலையை எடுத்ததும் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். நான் அங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். காவல் நிலையத்துக்குள் புகுந்த திருடன் என்றேன் இல்லையா, அவன் போகும்போது பழைய வழக்குக் கட்டுகளையும் எரித்துவிட்டுப் போகிறான். முன்பு வந்த சளி, வயிற்றுப்போக்கு, இவற்றின் அடையாளத்தை ஞாபகம் வைத்திருக்கிற அணுக்களில்தான் இந்த வைரஸ் பெருகி அழிக்கிறது. இதன் நிழலை 1908-லேயே வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே பார்த்தார்: காசநோய்ச் சோதனையில் தோல் தடித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, தட்டம்மை வந்த நாட்களில் தடிக்கவே இல்லை. 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நெதர்லாந்தில் ஊசி போடாத குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டது. பிற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்புப் பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தது. அந்த ஞாபகத்தை மீட்க, குழந்தை அந்த நோய்களை மறுபடி ஒவ்வொன்றாகச் சந்திக்க வேண்டும். மாதங்கள் ஆகும், இரண்டு மூன்று வருஷமும் ஆகலாம். பாட்டிகள் சொன்ன "அப்புறம் தேறவே இல்லை" இதுதான். எனவே பள்ளிக்கு அனுப்பத் தடிப்பிலிருந்து நான்கு நாள் கழிந்தால் போதும் என்று விதி இருந்தாலும், உங்கள் மகனை இரண்டு வாரமாவது வீட்டில் தேற்றி அனுப்புங்கள். அடுத்த ஒரு வருஷம் அவனுக்கு வருகிற சாதாரண சளிக் காய்ச்சலையும் அலட்சியமாக விடாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் "இன்ன மாசம் தட்டம்மை வந்தது" என்று சொல்லுங்கள்.

அரிதான, ஆனால் சொல்லாமல் விட மனம் வராத இன்னொன்று உண்டு. ஒன்பது வயதுப் பையன், படிப்பில் கெட்டி. திடீரென்று கையெழுத்துக் கோணியது, கணக்கில் தப்புவிட்டான், டீச்சர் "கவனமே இல்லை" என்று எழுதி அனுப்பினார். சாப்பிடும்போது தட்டு கை நழுவும். அப்பா இரண்டு அடி போட்டிருந்தார். என் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே, சில நொடிக்கு ஒருமுறை யாரோ தோளைத் தட்டியதுபோல அவன் தலை வெட்டிக் குனிந்தது. எட்டு மாதத்தில் தட்டம்மை வந்து "தானாகவே" தேறியவன். அந்த வைரஸ் மூளையில் தங்கி, வருஷக்கணக்காக அரித்திருக்கிறது. எஸ்.எஸ்.பி.இ. என்பார்கள். தட்டம்மை வந்து ஆறேழு முதல் பத்து வருஷம் கழித்துத் தலைகாட்டும், இரண்டு வயதுக்குள் நோய் வந்தவர்களுக்கே அதிகம் வரும், குணமாக்கும் மருந்து இல்லை. சின்னவளுக்காக இன்றைக்கே ஓடுங்கள் என்று மேலே ஏன் அவசரப்படுத்தினேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஊசி போட்டும் ஏன் வந்தது? நியாயமான கேள்வி. ஒன்பதாம் மாதத்தில் போடும்போது நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேருக்குத்தான் அது பிடிக்கிறது. மீதிப் பேரில் சிலரின் உடம்பில் அம்மா கொடுத்த எதிர்ப்புப் பொருளின் மிச்சம் ஊசி மருந்தையே அடித்துவிடுகிறது. ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதுவரை காத்திருந்தால் நம் ஊர் நெரிசலில் நோய் முந்திக்கொள்ளும். அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் போட்டால் 97 பேர்வரை தப்புவார்கள். இரண்டாவது ஊசியை வெறும் "பூஸ்டர்" என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலாவது பிடிக்காத அந்தப் பதினைந்து பேருக்கு அதுதான் உண்மையில் முதல் ஊசி, அவர்கள் யார் என்று முகத்தில் எழுதியிருப்பதில்லை. இந்தியாவில் 1985-இல் தட்டம்மை ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தாலும், இரண்டாவது தவணை 2010-க்குப் பிறகுதான் வந்தது. இப்போது போடுவது தட்டம்மையும் ரூபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். ரூபெல்லா குழந்தைக்கு லேசாகத்தான் வரும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு வந்தால் பிறக்கிற குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை. தனியார் மருத்துவமனைகளில் புட்டாளம்மையையும் சேர்த்து எம்.எம்.ஆர். போடுவார்கள்.

இரண்டாவது ஊசி விட்டுப்போனதற்கு நீங்கள் சொல்லாத ஒரு காரணமும் இருக்கலாம், எனக்கு அது தெரியும். இந்த மருந்து குப்பியில் காய்ந்த வெள்ளைத் தூளாக இருக்கும். செவிலியர் அதற்கென்று வந்த நீரை ஊற்றிக் கலக்கியதும் குப்பிமேல் நேரம் எழுதுவார்; நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைக்கு மருந்து. ஒரே ஒரு குழந்தை வந்தால் "அடுத்த புதன்கிழமை வாங்கம்மா" என்று சொல்லிவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அடுத்த புதன் மழை, அதற்கடுத்த புதன் ஊர்த் திருவிழா, அப்படியே போய்விடும். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. விடாமல் கேளுங்கள்.

2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் எம்.ஆர். போடும் இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. அப்போது வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்திகள் உங்களுக்கு நினைவிருக்கலாம்: மலடாக்கும் ஊசி, வெளிநாட்டுச் சோதனை என்று. பள்ளி வாசலில் பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள், கெடுவை நீட்டவேண்டி வந்தது. ஆட்டிசம் வரும் என்ற கதைக்கு மூலம் 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010-இல், அதை வெளியிட்ட மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்றது. உண்மையில் நடக்கக்கூடியது: ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும், ஓரிரு நாளில் போகும், யாருக்கும் தொற்றாது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்றால், இந்த வேகத்தில் பரவுகிற நோயை நிறுத்த ஊரில் நூற்றுக்கு 95 பேர் இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். 90 போதாது. இலங்கை 2019-இல் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. விடுபட்ட குழந்தைகள் சேரச்சேர, 2023-இல் நோய் மறுபடி உள்ளே வந்துவிட்டது. நம் மாடுகளுக்கு வந்த வெக்கை நோய் இதே குடும்பத்து வைரஸ். அதை ஊசியாலேயே உலகத்திலிருந்து விரட்டி 2011-இல் அறிவித்தும் விட்டார்கள். மாட்டுக்கு முடிந்தது பிள்ளைக்கு இன்னும் முடியவில்லை.

உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியருக்கு இன்றைக்கே தகவல் சொல்லுங்கள். காய்ச்சலும் தடிப்பும் உள்ள எந்தக் குழந்தையையும் அவர்கள் பதிவு செய்து, ரத்த மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், உங்களுக்குச் செலவில்லை. தெருவில் ஊசி விடுபட்ட மற்றப் பிள்ளைகளையும் அதை வைத்துத்தான் தேடுவார்கள். முடிவில் தட்டம்மை இல்லை, வேறு வைரஸ் என்று வந்தாலும் நல்லதுதான். அப்படியானால் மூத்தவன் தேறியதும் விட்டுப்போன ஊசியைப் போட்டுவிடலாம், வயது தாண்டிவிட்டது என்று விட வேண்டியதில்லை. தெருவில் கர்ப்பிணிகள் இருந்தால் உங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒன்று. பையனுக்கு அளவான முகக்கவசம் போடுங்கள். உள்ளே போய் டோக்கன் வாங்கி வரிசையில் உட்காராதீர்கள். அங்கே ஒன்பது மாதம் நிறையாத பிள்ளைகள் மடிமடியாக இருக்கும். கிளம்புமுன் போன் செய்து "தட்டம்மையா இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் உங்கள் வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சொல்லட்டும், நீங்கள் பையனோடு வெளியே மரத்தடியில் காற்றாட நில்லுங்கள். டாக்டரோ செவிலியரோ எழுந்து வந்து பார்ப்பார்கள்.